பெருநாள் வியாழக்கிழமை வந்தது

2008ஆம் ஆண்டு வைகாசி மாதம் தொடக்கம் உதயரூபனிடம் இரண்டு சீருடைகள் இருந்தன. ஒன்று அம்புலன்ஸ் உதவியாளருக்குரிய வெள்ளைச் சேட்டும் சிவப்பு மேலங்கியும். அதை வேலை கொடுத்த தொண்டு நிறுவனமே தந்தது. மற்றது காக்கி. தீயணைப்புப் பயிற்சிக்குப் போகிறவர்கள் அதைத் தங்கள் செலவில் தைத்துக்கொள்ள வேண்டும். அவனுடைய காக்கியை அக்கா சுலோஜனா தைத்தாள். முழங்காலுக்கும் தோளுக்கும் உள்ளே இரட்டைத் துணி வைத்தாள். முதல் கிழமை அவன் இரவல் களிசானில் போய் வந்தபோது எந்த இடம் கிழிந்திருந்தது என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினாள்.

சுலோஜனா எட்டாம் வகுப்போடு நின்றவள். தேற்றாத்தீவில் ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைத் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தாள். அவனுக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவன் சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்த சான்றிதழைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமலே எடுத்துக் காட்டுவாள்.

அவர்களுடைய அம்மா புஸ்பம் சுனாமியில் போனாள். கடல் அவளை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் முள்வேலியில் சொருகிவிட்டது. உதயரூபன் அவளை இழுத்து எடுத்தபோது மூச்சு இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தினார்கள். தலையை உயர்த்து என்றார் ஒருவர், தாழ்த்து என்றார் இன்னொருவர், தண்ணீர் கொடு என்றார் மூன்றாமவர். பெட்டியில் இருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. பெரிய றோட்டுக்கு ஏறுமுன் அவள் அடங்கிவிட்டாள். அகதி முகாமில் மூன்று நாள் முதலுதவி வகுப்பு வைத்தபோது, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்று அவன் அறிந்தான். அதை அக்காவிடம் ஒரு தடவைதான் சொன்னான்.

அதன் பிறகு முதலுதவி என்று எங்கே வகுப்பு வைத்தாலும் போனான். 2007இல் வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குப் பயந்து வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்தபோது முகாம் முகாமாகச் சம்பளமில்லாமல் நின்றான். அடுத்த வருடம் தையில் அந்தத் தொண்டு நிறுவனம் ஒரு அம்புலன்ஸை இறக்கி, அவனை உதவியாளராக எடுத்தது. வாகனம் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைதான் ஓடும். ஆறு மணிக்கு மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவைப் படகு நின்றுவிடும். அதற்குப் பிறகு அக்கரையில் யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் விடியும்வரை வலிக்க வேண்டியதுதான்.

அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. சுலோஜனாவுக்கு அந்தச் சிவப்பு மேலங்கியைத்தான் பிடித்திருந்தது. இருபத்தைந்து வயதுப் பொடியன் வெறும் சேட்டோடு போனால் சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், திரும்பி வருவானா என்பதெல்லாம் அந்த நாளில் கேள்வி. மேலங்கியைக் கண்டால் கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். ஆனால் அந்த உத்தியோகம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற தற்காலிக உத்தியோகம். காசு கொடுக்கிற நாடு நிறுத்தினால் அதோடு முடிந்தது. அப்படியிருக்கையில்தான் வடக்குப் பக்கத்து நகரசபை ஒன்று தீயணைப்புப் பிரிவுக்குப் பயிலுநர்களைச் சேர்த்தது. சனியும் ஞாயிறும் பயிற்சி, ஐந்து மாதம். பதினெட்டுப் பேர் பயில்வார்கள், முடிவில் பரீட்சை வைத்து எட்டுப் பேரை எடுப்பார்கள். எடுத்தால் நிரந்தரம், ஓய்வூதியம்.

“ரெண்டையும் செய்,” என்றாள் சுலோஜனா. “அங்க கையெழுத்து வைக்கிறமட்டும் இஞ்ச மேலங்கியக் கழட்டப்படா.”

அம்புலன்ஸ் சாரதி சீனித்தம்பி கேட்டுச் சிரித்தார். “நெருப்பையும் நீயே அணைச்சி, வெந்தவனையும் நீயே ஏத்தினா, மறுகா நாங்க என்னத்துக்கு மனே?”

சனிக்கிழமைதான் இடைஞ்சல். வாகனத்தில் ஒரு நாளைக்கு ஒரு உதவியாளர். திங்கள், புதன், சனி உதயரூபனுக்கு. செவ்வாய், வியாழன், வெள்ளி மர்சூக்குக்கு. ஞாயிறு மட்டும் அஹமட் என்ற மூன்றாமவர் நிற்பார். மர்சூக் காத்தான்குடி ஆள். உதயரூபனைவிட இரண்டு வயது மூத்தவன், வாய் ஓயாதவன். வெள்ளிக்கிழமையில் அவனுக்குப் பள்ளிவாசலுக்குப் போக நேரம் கிடைப்பதில்லை. சுலோஜனாதான் வழியைக் கண்டுபிடித்தாள். சனியை மர்சூக் எடுக்கட்டும், வெள்ளியை உதயரூபன் எடுக்கட்டும். ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து மாதத்துக்கும் கட்டம் கீறி, தம்பிக்குச் சிவப்பு, மர்சூக்குக்குப் பச்சை என்று நிறம் தீட்டி அவர்களிடம் கொடுத்தாள்.

“அக்கா, எனக்குப் பச்சை போட்டீங்க பாருங்க, அதுக்காகவே நிக்கலாம்,” என்றான் மர்சூக். “ஒரு விசயம் மட்டும். பெருநாளண்டு என்ன விட்டிரணும். வாப்பா மௌத்தாகி வாற முதல் பெருநாள். உம்மாவோட இரிக்கணும்.”

“எந்த நாளெண்டாலும் அண்டைக்கு நான் நிக்கன் மச்சான்,” என்றான் உதயரூபன்.

அப்படித்தான் ஓடியது. திங்களும் புதனும் வெள்ளியும் அவன் பாதையில் ஏறிப் போய் அக்கரையிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளையும் பாம்பு கடித்தவர்களையும் கொண்டுவந்தான். சனியும் ஞாயிறும் வாவிக்கரையில் குழாய் சுருட்டினான், ஏணி தூக்கினான், தன்னைவிடப் பாரமான ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு யார் தூரம் ஓடினான். பயிற்சிக்குப் பம்பு வாவித் தண்ணீரை இழுக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் ஒரு கிழமையில் துருப்பிடித்துவிடும். அதனால் முடிவில் கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். விசில் ஊதியதும் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். உதயரூபன் நின்று கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவான். சில நாள் நின்றபடியே நித்திரையாகித் தேற்றாத்தீவைத் தாண்டிக் களுதாவளையில் இறங்கி நடந்து வந்தான். கொழும்பிலிருந்து வந்திருந்த பயிற்றுநருக்குத் தமிழ் பத்துச் சொல்தான் தெரியும். மூன்றாம் மாதம் அவர் உதயரூபனை எட்டுப் பேர் கொண்ட பயிற்சி அணிக்குத் தலைவனாக்கினார். சுலோஜனா அதை ஊரில் ஒருவரும் விடாமல் சொன்னாள்.

அந்த வருட நடுப்பகுதியில் தமிழ், முஸ்லிம் சமூகங்களுக்கு இடையில் பிரச்சினை வந்தது. ஒரு கிழமை, பத்து நாள், அவரவர் ஊரைத் தாண்டிப் போக எல்லோரும் பயந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை மர்சூக் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வழியில் எங்கேயோ எறிந்த கல் பட்டுக் காதுக்கு மேலே வெடித்திருந்தது. சேட்டில் ரத்தம். இடாப்பில் கையெழுத்து வைத்துவிட்டு, “சீனித்தம்பியண்ணே, இண்டைக்கு முதல் நோயாளி நான்தான், மருந்து போடுங்க,” என்றானாம். அன்று உதயரூபன் பயிற்சியில் மூன்றாம் மாடி ஏணியில் இருந்தான். திங்கட்கிழமைதான் சீனித்தம்பி சொல்லி அறிந்தான்.

பரீட்சை புரட்டாதி நடுவில் வந்தது. வியாழக்கிழமை ஒன்பது பேர், வெள்ளிக்கிழமை ஒன்பது பேர். எந்த நாள் வேண்டும் என்று இரண்டு கிழமைக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அந்தக் கிழமையில்தான் நோன்பும் முடிகிறது.

“வெள்ளிக்கிழமை எண்டு குடுக்கட்டா அக்கா? பெருநாள் எப்பிடியும் வியாழனோட முடிஞ்சிரும்,” என்றான் அவன்.

“வெள்ளி நீ வேலையெல்லோ? திரும்ப அவனிட்டப் போய்க் கேக்கிறதா?” என்றாள். பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தாள். “திங்கள் அமாவாசை. செவ்வாய் பின்னேரம் பிறை தெரியும். புதன் பெருநாள். புதன் உன்ட நாள்தானே, நீ நிப்பாய், அவன் வீட்டில இரிப்பான். வியாழன் அவன் வந்திருவான், நீ சோதினைக்குப் போவாய். ஒருத்தருக்கும் கரைச்சலில்ல.”

மர்சூக்கிடமும் அதையே சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். “பிறையக் கண்டாத்தான் அக்கா.”

“காணுவீங்க. கணக்குப் பிழைக்காது.”

அவள் கணக்கு ஒருபோதும் பிழைத்ததில்லை. இருபது முழத் துணியில் ஏழு சட்டைக்கு வெட்டி ஒரு சாண் மிச்சம் வரும் என்றால் ஒரு சாண்தான் வரும். உதயரூபன் வியாழன் என்று எழுதிக் கொடுத்தான்.

செவ்வாய் பின்னேரம் மேற்கே, வாவிக்கு அந்தப் பக்கம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுலோஜனா முற்றத்தில் நின்று பார்த்தாள். படுவான்கரைப் பக்கம் வானம் முழுவதும் ஈயம்போல அடைத்திருந்தது. வேறெங்காவது கண்டிருப்பார்கள் என்று உள்ளே வந்து வானொலியைப் போட்டாள். ஏழரை மணிபோல அறிவித்தார்கள். நாட்டில் எந்தப் பாகத்திலும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும். பெருநாள் வியாழக்கிழமை.

கொஞ்ச நேரத்தில் உதயரூபனின் கைத்தொலைபேசி அடித்தது. மர்சூக் பேசுவது அவளுக்கும் கேட்டது.

“மச்சான், உன்ட அக்காட்டச் சொல்லு, பஞ்சாங்கம் எழுதின ஐயர் இன்னும் நோன்பு புடிக்கல்லையாம்.” சிரித்தான். பிறகு கேட்டான். “இப்ப என்னடா செய்யிற?”

“செய்யிறதுக்கு என்ன இரிக்கி? நான் சொன்னதுதான். வியாழன் நான் நிக்கன்.”

“சோதினை?”

“பாப்பம்.”

சுலோஜனா அன்றிரவு பஞ்சாங்கத்தைத் திரும்ப விரித்துப் பார்த்தாள். நிறுவனத்தின் இணைப்பாளர் இராசதுரை ஐயாவிடம் அவன் மறுநாள் காலையிலே கேட்டான். அஹமட்டும் பெருநாளுக்கு ஊர் போகிறார். வேறு ஆளில்லை. உதவியாளர் இல்லாமல் வாகனத்தை வெளியே எடுக்க விதியில்லை. “நான் வேணுமெண்டா ஏறுவன் தம்பி, எனக்கு ஒட்சிசன் திறக்கத் தெரியாதே,” என்றார் அவர். நல்ல மனிதர். அதனால் ஒரு பயனுமில்லை.

புதன்கிழமை அவன் வேலைக்குப் போனபின் சுலோஜனா பஸ் ஏறினாள். முதலில் நகரசபைக்குப் போனாள். அங்கிருந்த லிகிதர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். பெயர்கள் இலக்கத்தோடு கொழும்புக்குப் போய்விட்டன. வியாழன் என்றால் வியாழன்தான். “ஒரு வேலைய விட்டிற்று வரச் சொல்லுங்கோ அம்மா. ரெண்டு தோணியில கால் வைச்சா இப்பிடித்தான்,” என்றார். வாசலில் பயிலுநர்களின் வரவு இடாப்பு கிடந்தது. சுலோஜனா நின்று பார்த்தாள். நாற்பத்திரண்டு நாளில் உதயரூபனுக்கு நாற்பத்திரண்டு கையெழுத்து. அவனுக்குக் கீழே இருந்தவனுக்குப் பத்தொன்பது.

திரும்பி வருகையில் காத்தான்குடியில் இறங்கினாள். இறங்குவதா விடுவதா என்று அதைத் தாண்டி ஆரையம்பதி வரும்வரை யோசித்திருக்கலாம். அவள் யோசிக்கவில்லை, மணியை அடித்தாள்.

மர்சூக்கின் மனைவி நஸீறா கதவைத் திறந்தாள். அடுப்பில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வாசம். மர்சூக் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தான், அதற்குப் புதுச் சட்டை கொடியில் தொங்கியது. மர்சூக்கின் உம்மா வெள்ளைச் சேலையோடு மூலையில் ஓதிக்கொண்டிருந்தாள். நஸீறா கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நாங்க நோன்பு அக்கா. நீங்க குடிங்க.”

சுலோஜனாவுக்கு அது நினைவில் இருக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த மூன்று பேருக்கு முன்னால் அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்.

“தம்பி மர்சூக், நாளைக்கு ஒரு நாள் மட்டும். தொழுதிற்று வந்தாக் காணும். ஒன்பது மணிக்கு வந்தாலும் அவன் பஸ்ஸப் புடிச்சிருவான். அவன்ட முழுச் சீவியமும் இதில இரிக்கி.”

மர்சூக் நஸீறாவைப் பார்த்தான். நஸீறா கொடியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தாள். மூலையில் ஓதிக்கொண்டிருந்த சத்தம் ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கியது.

“வாறன் அக்கா,” என்றான் அவன். அந்த ஒரு தடவைதான் அவன் பகிடி விடாமல் பேசி அவள் கேட்டாள்.

படலைவரை வந்த நஸீறா மெதுவாகச் சொன்னாள். “வெள்ளிக்கிழமையில இவர் தொழப் போறது உங்கட தம்பியாலதான். அத நான் மறக்கல்ல அக்கா. அதான் ஒண்டும் பேசாம நிண்டன்.”

தம்பியிடம் சுலோஜனா இதைச் சொல்லவில்லை. வியாழன் காலை அவன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஆறரைக்கே போய்விட்டான். அவள் காக்கியை ஸ்திரி போட்டு, சப்பாத்தைத் துடைத்து, அடையாள அட்டையையும் பரீட்சை இலக்கத் துண்டையும் பையின் வெளிப்பக்கத்தில் வைத்து, எட்டே முக்காலுக்கு அம்புலன்ஸ் கொட்டகைக்குப் போனாள். கொட்டகை பெரிய றோட்டுக் கரையில்தான். பஸ் ஒன்பது பத்துக்கு. பத்து மணிக்குள் அங்கே பெயர் கூப்பிடுவார்கள்.

“என்னக்கா இது?” என்றான் பையைப் பார்த்து.

“உடுத்திக்கொண்டு நில். மர்சூக் வாறான்.”

அவன் பதில் சொல்லுமுன் மர்சூக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புதுச் சாரன், புதுச் சேட், தலையில் தொப்பி, உடம்பெல்லாம் அத்தர் மணம். கையில் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் வைத்த பாத்திரம். மேலங்கியை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

“பெருநாள் வாழ்த்தெல்லாம் மறுகா சொல்லு. ஓடு, பஸ் வருது.”

“ஆர் உன்ன வரச் சொன்ன?”

மர்சூக் சுலோஜனாவைப் பார்த்தான். அவள் நிமிர்ந்து நின்றாள். “நான்தான். நேத்துப் போய்க் கேட்டன். ஓம் எண்டான். அதுக்கென்ன இப்ப?”

“நீங்க வீட்ட போய், அவன்ட உம்மாக்கு முன்னால கேட்டா, அவன் இல்லையெண்டு சொல்லுவானாக்கா?”

“டேய், படம் காட்டாத மச்சான்,” என்றான் மர்சூக். “உம்மாட்டச் சொல்லிற்றுத்தான் வந்தன்.”

“உம்மா என்ன சொன்ன?”

மர்சூக் பாத்திரத்தை மேசையில் வைத்தான்.

“ரெண்டு பேரும் வாகனத்தில ஏறுங்க,” என்றார் சீனித்தம்பி. “நான் போய்ச் சோதினை எடுக்கன். ஏணியில ஏத்தி விட்டா இறக்கத்தான் ஆள் வேணும்.” ஒருவரும் சிரிக்கவில்லை.

உதயரூபன் மர்சூக்கின் கையிலிருந்த மேலங்கியை வாங்கி மடித்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். “நீ காதில ரத்தத்தோட இஞ்ச வந்து நிண்டண்டு நான் ஏணியில ஏறிக்கொண்டிருந்தன். அது தெரியாம ஏறினது. இண்டைக்குத் தெரிஞ்சுகொண்டு ஏற ஏலா. போடா வீட்ட.”

மர்சூக் மோட்டார் சைக்கிளில் ஏறினான். பிறகு சுலோஜனாவிடம், “அக்கா, நான் வந்தன்தானே?” என்றான். அவள் தலையை ஆட்டினாள். மோட்டார் சைக்கிள் திரும்பிப் போனது. அது போன திசையிலேயே போகிற பஸ்ஸும் வந்தது. நின்றது, இரண்டு பேரை ஏற்றியது, போனது. பஸ் மறையும்வரை சுலோஜனா தம்பியைப் பார்க்காமல் பஸ்ஸையே பார்த்தாள்.

“நீங்க வீட்ட போங்கக்கா.”

அவள் போகவில்லை. கொட்டகைக்கு எதிரே வேம்பின் கீழ் காக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது பெயர் கூப்பிடுவார்கள். இப்போது குழாய் விரிப்பார்கள். இப்போது ஏணி. அவளுக்கு ஒரு ஆசை வந்தது. அதை அவள் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அக்கரையில் யாருக்காவது ஏதாவது நடக்கட்டும். ஒரு பிள்ளைப்பேறு சிக்கலாகட்டும், ஒருவர் மரத்திலிருந்து விழட்டும், தொலைபேசி அடிக்கட்டும். அவன் பாதையில் ஏறிப் போய் ஒரு உயிரைக் கொண்டுவந்தால், போனதுக்கு ஒரு கணக்காவது மிஞ்சும். கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

தொலைபேசி அடிக்கவில்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. கடைகள் பாதி பூட்டு. வீதியில் புதுச் சட்டை போட்ட குடும்பங்கள் மோட்டார் சைக்கிள்களில் போயின. சீனித்தம்பி வாகனத்தை இரண்டு தடவை கழுவினார். உதயரூபன் கட்டுத்துணிகளை எண்ணி அடுக்கினான், பிறகு திரும்ப அடுக்கினான். ஆறு மணிக்குப் பதிவுப் புத்தகத்தில் எழுதினான்: அழைப்பு இல்லை. அந்த வருடத்தில் அப்படி எழுதிய நாள் அது ஒன்றுதான்.

பட்டியல் ஐப்பசியில் வந்தது. எட்டுப் பேர். பத்தொன்பது கையெழுத்துக்காரன் ஐந்தாவது. சுலோஜனா நான்கு பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனாள். பயிற்றுநர் அவள் யாருடைய அக்கா என்று அறிந்து, “நல்ல பொடியன். ஏன் வரல்ல?” என்று கேட்டார். முழுவதையும் சொல்ல அவருக்குத் தமிழ் காணாது, அவளுக்குச் சிங்களம் தெரியாது. விண்ணப்பத்துக்கு ஒரு வரியில் பதில் வந்தது. சமூகமளிக்காதோர் கவனத்தில் எடுக்கப்படமாட்டார்கள்.

அடுத்த வைகாசியில் நாட்டில் யுத்தம் முடிந்தது. சந்தியில் சாவடிக்காரர்கள் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். ஆனி மாதக் கடைசியில் நிறுவனம் மூடியது. இஞ்ச இனி அவசரமில்லை என்று இராசதுரை ஐயாவுக்குக் கடிதம் வந்ததாம். வாகனத்தை வடக்கே கொண்டுபோனார்கள். உதவியாளர்களுக்கு நிறப்படத்தோடு ஒரு நன்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். உதயரூபன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டையில் நெல் சூடடிக்கும் மெசினுக்குப் பின்னால் மூட்டை கட்டப் போனான்.

மர்சூக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தான். ஆவணியில் அங்கிருந்து பேசினான். கட்டட வேலைத்தளத்தில் தீக்காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள், நல்ல சம்பளம், பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வேண்டும். சுலோஜனா திரும்ப அதே லிகிதரிடம் போனாள். பரீட்சை எழுதாதவர் பயிற்சி முடித்தவரல்ல, முடிக்காதவருக்குக் கடிதம் கொடுக்க முடியாது என்றார். நாற்பத்திரண்டு கையெழுத்தும் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். ஓம், இருக்கிறது என்றார் அவர். அலுமாரியைத் திறக்கவில்லை.

அப்படியானால் கூலியாளாகத்தான் வரலாம் என்றான் மர்சூக். சரி என்றான் உதயரூபன்.

விண்ணப்பப் படிவத்தை அவள்தான் நிரப்பினாள். அவளுடைய எழுத்துத்தான் கட்டத்துக்குள் அடங்கும். அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். பெயர், பிறந்த திகதி, மதம். பெற்ற பயிற்சிகள் என்ற கட்டத்தில் முதலுதவி என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருந்தது. பேனையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

“வெள்ளிக்கிழமையெண்டு குடுத்திருக்கலாம்,” என்றாள். பத்து மாதத்தில் அதை அவள் சொன்னது அன்றுதான்.

உங்களாலே இல்லை அக்கா என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் அப்படிச் சொல்கிற பிள்ளைதான். சின்ன வயதில் அவள் சட்டையைத் தப்பாக வெட்டினாலும், எனக்கு இதுதான் பிடிக்கும் என்று போட்டுக்கொண்டு போவான்.

“ஓம்,” என்றான் அவன். பிறகு, “அடுத்த கட்டத்தில என்ன கேட்டிருக்கு?” என்றான்.